வெடிக்காத ஸ்டவ்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளை பம்ப் ஸ்டவ் இருக்கிறது. அதன் தொட்டியில் சித்தியின் பெயரும் 1979 என்ற ஆண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. அண்டா, குத்துவிளக்கு, தூக்குவாளி என்று கல்யாணச் சீராகப் போன எல்லாவற்றிலும் ஆச்சி அப்படித்தான் பெயர் வெட்டிக் கொடுத்தாள். இரண்டு வருடம் கழித்து, 1981இல், அந்தச் சாமான்கள் சாக்கு மூட்டைகளில் திரும்பி வந்தன. சித்தி வரவில்லை. ஸ்டவ் வெடித்துவிட்டது என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அப்போது எனக்கு ஆறு வயது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு போகிக்குப் பரணை ஒழித்தபோதுதான் அந்த ஸ்டவ்வைக் கையில் எடுத்தேன். “இதையா வச்சிருக்கீங்க?” என்று ஆச்சியிடம் கேட்டேன். அவள் அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். பிறகு நான்கு பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

“ஏட்டி, நல்லாப் பாரு. எங்கயாச்சும் ஓட்டை இருக்கா? கீறல் இருக்கா? இது வெடிக்கவேயில்ல.”

ஆச்சிக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் அந்த ஸ்டவ்வை அவளுக்குத் தெரியும். அவள் சொன்னதன் முழுப் பொருள் விளங்க, நான் ஒரு கருவியின் வரலாற்றையே படிக்க வேண்டியிருந்தது. எரிபொருளை அடைத்து வைக்கும் கருவிகளில், ஆபத்து வந்தால் அழுத்தத்தை வெளியேற்றவும் எரிபொருளை நிறுத்தவும் வால்வுகள் வந்த வரலாறு அது. எந்தக் கருவிக்கு அவை முதலில் வந்தன, எதற்கு வராமலே போயின என்று பார்க்கத் தொடங்கினால், யாருடைய உயிருக்கு என்ன விலை வைத்திருந்தார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

பம்ப் ஸ்டவ்வைப் பார்க்காத தலைமுறை இப்போது கல்லூரிக்கு வந்துவிட்டது. அவர்களுக்காகச் சொல்கிறேன். கீழே பித்தளைத் தொட்டி. அதில் முக்கால் பங்குக்குள் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். கிருஷ்ணாயில் என்றால்தான் எங்கள் பக்கத்தில் புரியும். தொட்டியின் பக்கவாட்டில் சைக்கிள் பம்ப் போல ஒரு சின்ன பம்ப். அதன் அடியில் காற்றை உள்ளே மட்டும் விட்டு, எண்ணெயையும் காற்றையும் வெளியே விடாத ஒரு குட்டி வால்வு. மேலே பர்னர், அதன் நடுவில் ஊசிமுனைத் துளை உள்ள நிப்பிள். முதலில் பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திச் சூடேற்ற வேண்டும். பிறகு பம்ப் அடித்தால், எண்ணெய் மேலேறி, சூட்டில் ஆவியாகி, நிப்பிள் வழியே சீறி நீலமாக எரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தொட்டியின் மேல் ஒரு சின்னத் திருகு. காத்துத் திருகு என்பார்கள். அதைத் தளர்த்தினால் உஸ்ஸென்று காற்று வெளியேறும், அழுத்தம் போய்விடும், தீ அணையும். அடுப்பை நிறுத்தவும் அதுதான், ஆபத்திலிருந்து தப்பிக்கவும் அதுதான். அழுத்தம் எல்லை மீறினால் அது தானாகத் திறக்காது. ஒரு கை போய்த் திறக்க வேண்டும். தீ எரிந்துகொண்டிருக்கும் அடுப்பின் மேல் குனிந்து, பெரும்பாலும் முந்தானையோடு, ஒரு பெண்ணின் கை.

இந்த ஸ்டவ்வால் விபத்தே நடக்காது என்று நான் சொல்லவில்லை. நிப்பிள் அடைத்துக்கொண்டால் பின் போட்டுக் குத்த வேண்டும். அப்போது தீ குபீரென்று எழும்பும். பர்னர் சூடாகாமல் பம்ப் அடித்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சும். சூடு ஆறுவதற்குள் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றினால் தீப்பிடிக்கும். எண்ணெயில் பெட்ரோல் கலப்படம் இருந்தால் சொல்லவே வேண்டாம். நம் சமையலறைகளில் ஸ்டவ் தரையில் இருந்தது. எதிரே பெண் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த நைலான் புடவைகள் தீப்பிடித்தால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இதனால் எல்லாம் உண்மையிலேயே பெண்கள் செத்திருக்கிறார்கள்.

ஆனால் தீ பாய்வது வேறு, தொட்டி வெடிப்பது வேறு. தொட்டி வெடித்தால் பித்தளை சாட்சி சொல்லும். ஈயப் பற்று விட்டிருக்கும், அடித்தட்டு உப்பியிருக்கும், தகடு கிழிந்திருக்கும். ஆச்சி தேடியது இந்தச் சாட்சியைத்தான்.

பாதுகாப்பு வால்வு என்ற ஒன்று உலகத்தில் முதலில் வந்ததே ஒரு சமையல் பாத்திரத்துக்காகத்தான் என்று தெரிந்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. பிரான்ஸில் பிறந்து லண்டனுக்குப் போன தெனி பாப்பேன் என்ற அறிவியலாளர், 1679இல் ராயல் சொசைட்டியின் முன் ஒரு பாத்திரத்தைக் காட்டினார். இறுக மூடிய இரும்புப் பாத்திரம். உள்ளே நீராவி அழுத்தத்தில் எலும்பு கூட மென்மையாக வெந்துவிடும். பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க, மூடியில் ஒரு துளை வைத்து, அதை அடைக்கும் முளையை ஒரு நெம்புகோலாலும் எடையாலும் அழுத்தி வைத்தார். ஆவி அளவு மீறினால் எடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆள் வேண்டாம், கவனம் வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும். இன்று நம் குக்கரின் தலையில் ஆடும் வெயிட்டுக்கு அதுதான் பாட்டி.

அந்த யோசனை சமையலறையில் தங்கவில்லை. நீராவி எந்திரங்களுக்குப் போனது, ரயிலுக்கும் கப்பலுக்கும் ஆலைக்கும் போனது. கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளிகளும் பயணிகளும் செத்தபோது, முதலாளிகளின் சொத்தும் சேர்ந்து நாசமானபோது, வால்வுகளைச் சட்டம் கட்டாயமாக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1923இல் கொதிகலன் சட்டம் வந்தது. ஆய்வாளர், சான்றிதழ், ஆண்டுதோறும் சோதனை என்று எல்லாம் வந்தன. ஆனால் அன்றைக்குச் சுமார் 22.75 லிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ளவைதான் அந்தச் சட்டத்தின் கண்ணில் கொதிகலனாக இருந்தன. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் அப்படித்தான். மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருளை 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம், எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் போதும். வீட்டுக்கு வீடு உரிமம் கேட்க முடியாது என்பது நியாயம்தான். ஆனாலும் இந்த அளவுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அரசாங்கத்தின் படிக்கணக்கு தொடங்கும் இடத்துக்கு வெகு கீழேயே சமையலறை முடிந்துவிடுகிறது.

பம்ப் ஸ்டவ் ஸ்வீடனிலிருந்து வந்தது. 1892இல் ஸ்டாக்ஹோமில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய அந்த அடுப்புக்கு பிரைமஸ் என்று பெயர். திரி இல்லை, புகை இல்லை, பாத்திரத்தில் கரி இல்லை. 1911இல் தென் துருவத்தை அடைந்த அமுண்ட்சென் குழுவும், 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவும் எடுத்துப் போனது பிரைமஸ்தான். வரலாற்றுப் புத்தகங்களில் இந்த அடுப்பின் பெருமை அதோடு முடிகிறது. பனியில் சில மாதம் இதைப் பற்றவைத்த ஆண்களின் பெயர் நமக்குத் தெரியும். விடிகாலையில் காப்பிக்கும் ராத்திரி பால் காய்ச்சவும் ஐம்பது வருடம் இதைப் பற்றவைத்தவர்களை யாரும் சாகசக்காரிகள் என்று எழுதவில்லை. விறகடுப்பை ஊதி ஊதிக் கண் கெட்டவர்களுக்கு இந்த ஸ்டவ் ஒரு விடுதலை என்பதையும் மறக்கக் கூடாது. ஆச்சி தன் மகளுக்குச் சீராக இதைக் கொடுத்ததும் அதற்காகத்தான். “எம்பிள்ள புகையில கஷ்டப்படக் கூடாது” என்று கடன் வாங்கி வாங்கினாளாம்.

இப்போது பெட்ரோல் பங்குக்கு வருவோம். நான் வழக்கமாக வண்டிக்கு எண்ணெய் போடும் இடத்தில் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஒருநாள் “ஃபுல் பண்ணும்மா” என்றேன். குழாயை டேங்குக்குள் விட்டு விசையை மாட்டிவிட்டு, அவர் அடுத்த வண்டிக்காரரிடம் காசு வாங்கப் போய்விட்டார். எனக்குப் பதற்றம். டக்கென்று ஒரு சத்தம், பெட்ரோல் நின்றுவிட்டது. “ஆட்டோ கட் மேடம், அதுவே நின்னுக்கும்” என்று சிரித்தார்.

அது எப்படித் தானாக நிற்கிறது? குழாயின் நுனிக்கு அருகே ஒரு சின்னத் துளை இருக்கும். பெட்ரோல் பாயும் வேகம் அந்தத் துளை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டேங்க் நிரம்பி எண்ணெய் அந்தத் துளையை மூடியதும் காற்று வராது. உள்ளே உறிஞ்சும் விசை கூடி ஒரு மெல்லிய சவ்வை இழுக்கும். சவ்வு இழுத்ததும் விசை விடுபட்டு வால்வு மூடிக்கொள்ளும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. அமெரிக்காவில் 1939 வாக்கில் ரிச்சர்ட் கோர்சன் என்பவர் உருவாக்கியது. பங்கில் எண்ணெய் ஊற்றும் எந்திரத்துக்கு அடியில் இன்னொரு வால்வும் உண்டு. வண்டி மோதி எந்திரம் சாய்ந்தால், வேண்டுமென்றே பலவீனமாக வைத்த ஓர் இடத்தில் குழாய் முறியும். முறிந்த கணத்தில் வால்வு மூடிக்கொள்ளும். தீப்பிடித்தால் சூட்டில் உருகிவிடும் ஓர் இணைப்பும் அதில் உண்டு. அது உருகினாலும் மூடிக்கொள்ளும்.

இந்தக் கருவிகளுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைக் கவனியுங்கள். மனிதர்கள் மறப்பார்கள், களைப்பார்கள், பேச்சுக் கொடுப்பார்கள், வேகமாக வந்து மோதுவார்கள். ஆகவே கருவிதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் இது பொறியியல். சமையலறையிலோ கருவி எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், பெண்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். “அடுப்பைப் பார்த்துக்கோ” என்பதுதான் அங்கே பாதுகாப்பு வால்வு. விபத்து நடந்தால் “கவனமில்லாத பொண்ணு” என்ற தீர்ப்பும் கூடவே தயாராக இருக்கும்.

கவனமில்லாத பெண், வெடிக்கும் ஸ்டவ். இந்த இரண்டு நம்பிக்கைகளும் சேர்ந்து எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒரு பெரிய வசதியைச் செய்து கொடுத்தன. கொலையை ஒளித்து வைக்க ஓர் இடம் கிடைத்தது. ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு என்ற செய்தி ராசிபலன் போல நாள்தோறும் வரும். ஏன் எப்போதும் புதிதாக வந்த மருமகளுக்கு மட்டும் வெடிக்கிறது, முப்பது வருடம் சமைத்த மாமியாருக்கோ என்றைக்காவது டீ போடும் மாமனாருக்கோ ஏன் வெடிப்பதில்லை என்று முதலில் உரக்கக் கேட்டவை பெண்கள் அமைப்புகள்தான்.

1979இல் டெல்லியில் தர்விந்தர் கௌர் என்ற இளம்பெண் தீக்காயங்களால் இறந்தார். மாமியார் வீட்டார்தான் எரித்தார்கள் என்று சாகும் முன் அவர் சொல்லியிருந்தும், காவல்துறை அதைத் தற்கொலை என்றே பதிந்தது. ஸ்திரீ சங்கர்ஷ் என்ற பெண்கள் அமைப்பு ஜூன் 1ஆம் தேதி ஊர்வலம் போனது. அதே ஆண்டு மகளைத் தீக்குப் பறிகொடுத்த சத்யராணி சட்டா என்ற தாய் நீதிமன்றப் படிகளில் பல பத்தாண்டுகள் ஏறி இறங்கினார். பின்னாளில் அவரும் ஷாஜஹான் ஆபாவும் சேர்ந்து சக்தி ஷாலினி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1980இல் நிறைமாத கர்ப்பிணியாக எரிந்து இறந்த சுதா கோயல் வழக்கில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வால் நேர்ந்த விபத்து என்பதே எதிர்த்தரப்பின் வாதம். கீழ்நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, 1985இல் உச்ச நீதிமன்றம் கணவனையும் மாமியாரையும் குற்றவாளிகள் என்று கூறி ஆயுள் தண்டனை கொடுத்தது.

இந்தப் போராட்டங்களால்தான் சட்டம் சமையலறைக்குள் கால் வைத்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லிருந்தே இருந்தது, ஆனால் காகிதத்தில் இருந்தது. 1983இல் 498அ பிரிவு வந்தது. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கு இடமான முறையில் இறந்தால் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் அப்போதுதான் வந்தது. நம் ஊரில் எல்லோர் வாயிலும் அடிபடும் ஆர்.டி.ஓ. விசாரணை இதையொட்டி வந்த நடைமுறைதான். 1986இல் வரதட்சணைச் சாவு என்பதே தனிக் குற்றமானது. சாவுக்குச் சற்று முன்புவரை வரதட்சணைக்காகக் கொடுமைப்படுத்தியது நிரூபணமானால், மரணத்துக்குக் கணவன் வீட்டாரே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றானது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 80ஆம் பிரிவு.

சித்தி செத்தது 1981. இரண்டு ஆண்டு முந்திவிட்டாள். அவளை அன்றைக்கே எரித்துவிட்டார்கள். யாரும் அந்த ஸ்டவ்வை எடுத்துப் பார்க்கவில்லை.

சட்டம் வந்த பிறகும் எல்லாம் வெளியே வந்துவிடவில்லை. 2009இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2001ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000 பேருக்கு மேல் இருக்கலாம் என்றும், அவர்களில் சுமார் 1,06,000 பேர் பெண்கள் என்றும் அது மதிப்பிட்டது. காவல்துறைக் கணக்கைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குள். இத்தனையும் கொலை என்று சொல்ல முடியாது. விபத்தும் உண்டு, தாங்க முடியாமல் தாங்களே வைத்துக்கொண்ட தீயும் உண்டு. ஆனால் தீக்காயப் பிரிவில் மரண வாக்குமூலம் எடுக்கும்போது, வெளியே கணவன் நிற்கிறான், குழந்தை அவன் கையில் இருக்கிறது என்றால், ஒரு பெண் எதைச் சொல்வாள்? ஸ்டவ் வெடித்தது என்றுதான் சொல்வாள். குழந்தைக்கு இனி அவனைவிட்டால் யார்?

பிறகு கேஸ் வந்தது. 1965இல் கல்கத்தாவில் இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்தது. நடுத்தர வர்க்கம் வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப் பிறகு ஏழை வீடுகளுக்கு அரசே கேஸ் இணைப்பும் அடுப்பும் கொடுத்தது. 2016இல் வந்த உஜ்வலா திட்டத்தில் இணைப்பு பெண்ணின் பெயரிலேயே கொடுக்கப்பட்டது. இதில்தான் கடைசியாக நம் சமையலறைக்குள் தானாக மூடிக்கொள்ளும் ஒரு வால்வு வந்து சேர்ந்தது. 14.2 கிலோ சிலிண்டரின் தலையில் உள்ள வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. ரெகுலேட்டரை மாட்டித் திறக்கும்போது ஊசி கீழே அழுத்தி வழி விடும். கழற்றியதும் ஸ்பிரிங் மேலே தள்ளி அடைத்துவிடும். மணமே இல்லாத வாயுவில் கெட்ட வாடையைச் சேர்ப்பதும் ஓர் எச்சரிக்கை மணிதான். 1937இல் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில், கசிந்த எரிவாயு வெடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் 300 பேர் அளவுக்குச் செத்த பிறகு, அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள், உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது.

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. பால் பொங்கி தீ அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் ஒரு கருவி உண்டு. தீயின் சூடு பட்டுக்கொண்டிருக்கும்வரை இரண்டு உலோகங்கள் சேர்ந்த ஒரு சின்ன முனையில் மெல்லிய மின்சாரம் பிறந்து வால்வைத் திறந்து வைத்திருக்கும். தீ அணைந்தால் மின்சாரம் நிற்கும், வால்வு மூடும். ஐரோப்பிய அடுப்புகளில் இது சர்வ சாதாரணம். நம் கடைகளில் விற்கும் பெரும்பாலான அடுப்புகளில் இது இல்லை. கண்ணாடி மேல்தட்டுக்கும் பூப்போட்ட நிறத்துக்கும் காசு கொடுக்கும் நாம் இதைக் கேட்பதுமில்லை. நம் வீட்டில் இன்னமும் அந்த வால்வு அம்மாதான். கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே திடுக்கிட்டு எழுந்து, “அடுப்பை அணைச்சேனா?” என்று ஓடுகிறாளே, அவள்தான்.

ஆச்சி போய்ப் பத்து வருடம் ஆகிறது. போன வருடம் அந்த ஸ்டவ்வை எடுத்துக்கொண்டு, ரத வீதியில் இன்னும் மிச்சமிருக்கும் ஒரே ரிப்பேர் கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். ஏன் என்று கேட்கவில்லை. பம்பின் தோல் வாஷர் காய்ந்து விறகாகியிருந்தது, மாற்றினார். நிப்பிளை அடைத்தார், காத்துத் திருகை இறுக்கினார், பம்ப் அடித்தார். ஒரு வாளித் தண்ணீருக்குள் தொட்டியை முக்கிப் பிடித்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

ஒரு குமிழி கூட வரவில்லை.

“நல்ல பித்தளைம்மா. பத்துல ஒரு மயிரிழை விடல. இன்னும் நாப்பது வருஷம் ஓடும்” என்றார். பிறகு தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டு, காத்துத் திருகை மெதுவாகத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று வெளியேறியது.

அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல சித்தி இல்லை. நடக்காதது எது என்பதை ஆச்சி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அதைக் கேட்பதற்குத்தான் ஊரில் ஆள் இல்லை. அவள் தன் சாட்சியை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பரணில் பத்திரமாக வைத்திருந்தாள். வீடு மாறும்போதெல்லாம் பழைய பித்தளைக்கு நல்ல விலை வருகிறது என்று மாமா சொல்வார். அவள் கொடுக்கவே இல்லை.

நானும் கொடுப்பதாக இல்லை.